பெயர் அழியாத பாத்திரம்

சென்னை
4-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசைத்தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, செருப்புதான் தேய்ந்துவிட்டது. நீ சுகமா? மாமா, அயித்தை, உன் நாத்தனார் சிகப்பி எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? மலேயாவில் ஈப்போவிலிருந்து அத்தான் கடிதம் போட்டாரா?

இடம் கிடைத்துவிட்டது அக்கா. பதினோரு விளம்பரக் கம்பெனிப் படி ஏறி இறங்கி, பன்னிரண்டாவதில் கிடைத்தது. எல்லா இடத்திலும் இரண்டே கேள்விதான். “இங்கிலீஷ் வருமா?” “அப்பா என்ன பண்றார்?” அப்பா பாத்திரத்தில் பேர் வெட்டினார், போன வருஷம் செத்துப்போனார் என்றேன். ஒருத்தன் சிரித்துக்கொண்டே, “அப்ப ஏதாவது எவர்சில்வர் கடைக்குப் போப்பா” என்றான். அவன் மேஜையில் இருந்த மைப்புட்டியை அவன் சட்டையில் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. மூன்று நாளாக அதை நினைத்து வருத்தப்படுகிறேன்.

பன்னிரண்டாவது இடத்துக்குப் பெயர் பூர்ணிமா கமர்ஷியல் ஆர்ட்ஸ். சோப்பு டப்பா, காபிப் பொட்டலம், காலண்டர், சுவரொட்டி எல்லாவற்றுக்கும் படமும் எழுத்தும் இங்கேதான் பிறக்கின்றன. மேனேஜர் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, ‘நல்லெண்ணெய்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். “கை நடுங்கலை. ஆறு மாசம் அப்ரண்டிஸா இரு. சம்பளம் கிடையாது. ஜூன் கடைசியில பார்ப்பேன். தேறினா வேலை, தேறலைன்னா ஊரு” என்றார். தங்குவதற்கு மொட்டை மாடி. எழுத்து எழுதும் சுல்தான் பாய் இளையாத்தங்குடிக்காரர். நாச்சியாபுரம் என்றதும், “நம்ம பக்கத்து ஆளா? இங்குட்டு வந்து உக்காரும்யா” என்று பலகையை இழுத்துப் போட்டார்.

தேறிவிட்டால் ஒரு அறை எடுப்பேன். அத்தான் திரும்பி வரும்வரை நீ இங்கே வந்து இருக்கலாம். அப்பா போனதும் வாடகை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த அன்று, “இனி எனக்குப் போக ஒரு வீடு இல்லைடா” என்றாய். அதற்கு இதுதான் பதில்.

பொழுது சாய்கிற நேரத்தில் மவுண்ட் ரோட்டில் நடக்கிறேன். கடைப் பலகைகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போடுகிறார்கள். எழுத்துகள் பலகையை விட்டு இறங்கிக் கூடவே நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. பசியாலும் இருக்கலாம்.

உன் தம்பி
ஆசைத்தம்பி

•

நெற்குப்பை
16-1-1971

தம்பி ஆசைத்தம்பிக்கு அக்கா எழுதியது. பொங்கல் நல்லபடியாகப் போனது. இங்கே எல்லோரும் சவுக்கியம். அங்கே பொங்கலுக்கு என்ன சாப்பிட்டாய் என்று நீ எழுதவே இல்லை.

உன் கடிதத்தை மாமாதான் பிரித்து, சத்தமாக வாசித்துச் சொன்னாக. அறை எடுத்து என்னை அழைப்பதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தில், “ஏன், இங்க என்ன குறைச்சலாம்?” என்று சிரித்தாக. குறை ஒன்றும் இல்லை. நான் எழுதுகிற கடிதங்களையும் சிரமம் பார்க்காமல் அவுகளே படித்துப் பார்த்துத் தபாலில் சேர்க்கிறாக.

ஈப்போவிலிருந்து கடிதம் இல்லை.

நேற்றுப் பெட்டியைக் குடைந்தபோது அப்பாவின் ஊசி கிடைத்தது. நான் தாளில் பேரை எழுதி, கோட்டின் மேலேயே பொடிப்பொடியாகக் குத்தித் தருவேன். அப்பா அந்தத் தாளைக் குடத்தின் மேல் வைத்துக் கரித்தூள் தட்டுவார். புள்ளி புள்ளியாகப் பேர் இறங்கும். அதன் மேல் நீ உளி ஓட்டுவாய். மற்ற ஆசாரிகள் நேராக வெட்டுவார்கள். நம் வீட்டில் மட்டும்தான் ஊசி. மிச்சத் தாளை ஜன்னலில் பிடித்து நீயும் நானும் விளையாடியது ஞாபகம் இருக்கிறதா?

என் கல்யாணப் பாத்திரம் இருபத்தொன்றும் பரணில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ‘வீ. நாகவல்லி’. அப்பா தன் கையாலேயே வெட்டிய கடைசிப் பேர் என்னுடையதுதான்.

வேளைக்குச் சாப்பிடு. எண்ணெய் தேய்த்துக் குளி.

அன்புடன் உன் அக்கா

•

சென்னை
20-2-1971

அக்கா,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பொய். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, ஆனால் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மேனேஜர் என் எழுத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். “இது எழுத்தாடா? எறும்பு ஊர்வலம். ஒவ்வொண்ணும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. உசிரு எங்கே?” எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்த இன்னொரு அப்ரண்டிஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவன். இங்கிலீஷ் பேசுகிறான். அவனுக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். அவன் காபி குடித்த டம்ளரை நான் கழுவுகிறேன். அப்பா தொழிலைக் கேட்டவுடனேயே யார் கழுவுவது என்று முடிவாகிவிட்டது.

ஆனால் மேனேஜர் சொன்னது சரி. அதுதான் எரிகிறது. எனக்குப் புள்ளியின் மேல் போகத் தெரியும். புள்ளி இல்லாத வெள்ளைத் தாளில் என் கை செத்துப்போகிறது. இத்தனை வருஷம் நீ எழுதிய கோட்டின் மேல்தான் உளி ஓட்டியிருக்கிறேன் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. எழுத்தெல்லாம் உன்னுடையது. நான் வெட்டியவன், அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன். பார்சலில் கெட்டித் தாளும், ஒரு புட்டி இண்டியன் இங்க்கும், இரண்டு பிரஷ்ஷும் வருகின்றன. எல்லா எழுத்தையும் பெரிது பெரிதாக எழுதி அனுப்பு. அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறேன். மாமா கோபித்துக்கொள்வாரா? கோபித்தால் என் பிழைப்பு என்று சொல்.

இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பினால் எங்கே போய் இறங்குவேன்? நாம் இரண்டு பேருக்குமே இறங்க இடம் கிடையாது.

ஆசைத்தம்பி

•

நெற்குப்பை
10-3-1971

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ எழுதியதைக் கேட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டம்ளர் கழுவுவதைப் பற்றி வருத்தப்படாதே. கழுவுகிற கைக்கு அது பழகிவிடும், பழகக் கூடாதது அதுதான்.

எழுத்துகளை அனுப்பியிருக்கிறேன். எழுதுவதற்கு மாமா சம்மதித்தாக. தாளை ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அவுகளே உறையில் வைத்து ஒட்டினாக. அயித்தைதான், “இவ படம் போட்டுக்கிட்டு உக்காந்தா அண்டாவ யாரு விளக்குறது? சென்னைப் பட்டணத்துத் தம்பியா வருவான்?” என்றாக. அண்டாவை விளக்கிவிட்டுத்தான் எழுதினேன். மை தொட்ட முதல் நிமிஷம் கை சும்மா நின்றது. அப்புறம் அதுவாகப் போனது. நான் கூடப் போனேன்.

அன்று ஒரு கனவு. பரணில் இருக்கும் பாத்திரங்களிலிருந்து என் பேரின் எழுத்துகள் இறங்கி, எறும்பு மாதிரி வரிசையாகச் சுவரில் போகின்றன. முதலில் ‘வீ’, அப்புறம் ‘நா’. வாசற்படி வரை போய் நின்று, வெளியே போகலாமா என்று ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்கின்றன. நான் போங்கள் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

சிகப்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, ஆவணியில். மாப்பிள்ளை வீட்டில் பாத்திரம் நிறையக் கேட்கிறார்கள்.

ஈப்போவிலிருந்து கடிதம் இல்லை.

அக்கா

•

சென்னை
30-3-1971

அன்புள்ள அக்கா,

நலம். இந்த முறை மனதாரச் சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஒரு காபிப் பொட்டலத்துக்கு எழுத்து வேண்டியிருந்தது. உன்னைப் பார்த்து நாலு நாள் எழுதிப் பார்த்தேன். எறும்புதான். ஐந்தாம் நாள் உன் தாளிலிருந்தே எழுத்துகளைக் கத்தரித்து, ரப்பர் சொல்யூஷன் தடவி அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவார்கள், அதை அப்படியே கேமராவில் பிடித்து அச்சுக்கு பிளாக் எடுப்பார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இந்தக் கை இத்தனை நாள் எங்கடா இருந்துச்சு?” என்றார்.

நெற்குப்பையில் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சும்மா நின்றேன். நான் எழுதியது என்று எடுத்துக்கொண்டார். நல்ல காரியம் இல்லை, தெரியும். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நாற்காலி. சுல்தான் பாய் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “தம்பி, இந்த எழுத்து தண்ணிக்குடம் எடுத்துக்கிட்டு நடக்குற மாதிரில்ல இருக்கு” என்றார். நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. ‘நிலா மார்க்’ எவர்சில்வர் பாத்திரம். ஊர் ஊராகச் சுவரொட்டி, காலண்டர் எல்லாம். தலைப்பு வரி முடிவாகிவிட்டது: ‘பெயர் அழியாத பாத்திரம்’. அந்த வரியை ஒரே தாளில், ஒரே மூச்சில் எழுதி அனுப்பு. இது பிடித்துவிட்டால் என் வேலை நிச்சயம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். அறை, ஜன்னல், நீ.

கண்ணை மூடினால் நிலா மேல் உன் எழுத்து தெரிகிறது.

ஆசைத்தம்பி

•

நெற்குப்பை
18-4-1971

தம்பிக்கு,

இங்கே வெயில் அதிகம். மற்றபடி எல்லோரும் சுகம். உனக்குச் சூடு பிடித்திருக்கும், வெந்தயம் ஊறவைத்துக் குடி.

நீ கேட்ட வரியை எழுதி அனுப்பியிருக்கிறேன். பத்துத் தாள் வீணாக்கி, பதினோராவது தாள் இது. கையில் ஊசி எதற்கு என்று மாமா கேட்டாக. எங்கள் அப்பா வழக்கம், ஊசி குத்தாமல் எனக்கு எழுத்து முடிந்ததாகத் தோன்றாது என்றேன். “ஆசாரி வீட்டுப் பைத்தியம்” என்று சொல்லி உறையில் வைத்தாக.

இன்னொரு கனவு. ஊருணிப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீரில் நிலா. நிலா மேல் ஒரு பேர் வெட்டியிருக்கிறது. என் கையில் அரம். “சீக்கிரம், சீக்கிரம்” என்று பின்னால் யாரோ நிற்கிறார்கள். நான் அந்தப் பேரை அராவிக்கொண்டே இருக்கிறேன். பித்தளைத் தூள் கையெல்லாம் மஞ்சளாக அப்புகிறது. மஞ்சள் பூசிய மணப்பெண் கை மாதிரி அவ்வளவு அழகு. அராவ அராவ நிலா மெலிந்துகொண்டே வருகிறது.

அந்தத் தாளை மட்டும் அவசரப்படாமல் பார். ஜன்னல் பக்கம் போய், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். பிசிறு இருந்தால் அங்கேதான் தெரியும்.

சீக்கிரம் பதில் எழுது.

அக்கா

•

சென்னை
9-5-1971

என் அருமை அக்கா,

உன் உடம்பு எப்படி? கை எப்படி? அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

பிடித்துவிட்டது! கம்பெனிக்காரர் வந்து அந்த வரியை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். “இதுல ஒரு புள்ளியக்கூட மாத்தக் கூடாது” என்றார். அதனால் துண்டாக்காமல், வரியை அப்படியே அட்டையில் ஒட்டினேன்.

ஒரே ஒரு குறை. வரிக்கு அடியில் எத்தனை ஊசி ஓட்டை அக்கா! கரித்தூள் தட்டுகிற காலம் இன்னும் உனக்குப் போகவில்லையா? இது குடம் இல்லை, கேமரா. ஒவ்வொரு ஓட்டையும் கறுப்புப் புள்ளியாக விழுந்துவிட்டது. மேனேஜர் கத்தினார். நானும் சுல்தான் பாயும் அரை நாள் உட்கார்ந்து, பொடி பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாக வெள்ளைப் பெயிண்ட் வைத்து அடைத்தோம். அடுத்த முறை ஊசியைப் பெட்டியிலேயே வைத்துவிடு.

உன் நிலாக் கனவை மேனேஜரிடம் சொன்னேன். என் கனவு என்றுதான் சொன்னேன், கோபிக்காதே. துள்ளிக் குதித்தார். ஊருணிப் படியில் ஒரு பெண், கையெல்லாம் மஞ்சள், தண்ணீரில் நிலா. அரத்தை மட்டும் எடுத்துவிட்டார். அதுதான் சுவரொட்டிக்கும் காலண்டருக்கும் படம். இன்னும் ஏதாவது கனவு வந்தால் எழுது.

ஆசைத்தம்பி

•

(அஞ்சலட்டை)

நெற்குப்பை
2-6-1971

தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம். கல்யாண வேலை நிறைய இருப்பதால் எழுத நேரம் இல்லை. கனவு வருவதில்லை. ஓட்டைகளை அடைத்தது நல்லதுதான், உன் வேலை கெட்டுவிடக் கூடாது.

அக்கா

•

சென்னை
3-7-1971

அன்புள்ள அக்கா,

நலமா? ஒரே ஒரு அஞ்சலட்டை போட்டாய். அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கல்யாண வீடு, தெரிகிறது. ஆனாலும் இந்தச் செய்தியைக் கேட்டால் ஓடி வந்து எழுதுவாய்.

நிரந்தரமாகிவிட்டது. ஒன்றாம் தேதி மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தார். ஓவியக் கல்லூரிக்காரனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம், “கங்கிராஜுலேஷன்ஸ்” என்றான். அவன் டம்ளரை அவனே கழுவி வைத்திருந்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டிய நேரம் அது. ஏனோ வாய் கசந்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் நின்று கழுத்தை நீட்டினால் கடல் தெரியும், நான் பார்த்துவிட்டேன். அத்தான் வரும்வரை அந்த ஜன்னல் உன்னுடையது. ஆவணியில் சிகப்பி கல்யாணம் முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன். மாமாவிடம் நானே பேசுகிறேன்.

சுவரொட்டி காரைக்குடி வரை போயிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

ஆசைத்தம்பி

•

சென்னை
2-8-1971

ஏகப்பன் மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படித்துவிட்டு, எப்போதும் போல் சத்தமாக வாசித்து என் அக்காவுக்குச் சொல்லுங்கள்.

தீபாவளிக்குப் பெரிய சுவரொட்டி போடுகிறோம். ‘பெயர் அழியாத பாத்திரம்’ வரியைப் பெரிதாக்க வேண்டும். அதற்காக ஒட்டியிருந்த தாளைப் பெட்ரோல் விட்டு அட்டையிலிருந்து உரித்தேன். எங்களிடம் ஒரு கண்ணாடி மேஜை உண்டு, அடியில் விளக்கு எரியும். அதன் மேல் தாளைப் போட்டேன். பெயிண்ட் காய்ந்து, அங்கங்கே உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக நின்றது. மழை விட்ட வானத்தில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி. முதலில் அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு ‘எ’ தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். ‘என்’. சுரண்டச் சுரண்ட எழுத்து வந்துகொண்டே இருந்தது.

சின்ன வயதில் என் அக்கா எனக்கு அப்படித்தான் சேதி சொல்வாள். அப்பா கோபமாக இருந்தால், தாளில் ஊசியால் குத்தி ஜன்னலில் வைப்பாள். வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் நான் மேஜையில் உட்கார்ந்து, பிரஷ் பிடித்து, ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறேன்.

அதில் இருப்பது இதுதான்: “என் பேரை என் கையாலேயே அழிக்க வைக்கிறார்கள். வந்து கூட்டிப் போ.”

ஏப்ரலில் குத்தியது. இது ஆகஸ்ட்.

மாப்பிள்ளை வீட்டில் பாத்திரம் கேட்டதும், அக்கா கையில் அரம் இருந்த கனவும் இப்போதுதான் புரிகின்றன. உங்கள் மகள் கல்யாணத்துக்கு என் அக்காவின் பாத்திரங்களைக் கொடுக்கிறீர்கள். என் அப்பா வெட்டிய பேரை அராவிவிட்டு உங்கள் மகள் பேரை வெட்டவும் அவளையே உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆசாரி வீட்டுப் பெண்தானே, கூலி மிச்சம். உங்கள் வீட்டில் என்ன குறைச்சல் என்று கேட்டீர்களே மாமா, வெட்கம்தான் குறைச்சல்.

அக்கா, இனி உனக்கு. நேராக மேனேஜரிடம் போனேன். “யாரைக் கேட்டுடா அதைச் சுரண்டினே?” என்று பாய்ந்தார். என் அக்கா எழுத்து சார் என்றேன். “எது?” எல்லாமே என்றேன். காபிப் பொட்டலம், நிலா, கனவு உள்பட. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார். “அப்ப ஏழு மாசமா நான் யாரை அப்ரண்டிஸா வச்சிருந்தேன்?” என்றார். அப்புறம், “அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா. ஆறு மாசம் அப்ரண்டிஸா பாக்குறேன். உன்னை அப்புறம் பாத்துக்கறேன்” என்றார். சுல்தான் பாய் மட்டும், “அக்காவா! அதான பாத்தேன்” என்று பிரஷ்ஷைக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறுகிறேன்.

ஆசைத்தம்பி

•

(அஞ்சலட்டை)

நெற்குப்பை
4-8-1971

ஆசைத்தம்பிக்கு ஏகப்பன் எழுதியது. இங்கு எல்லோரும் நலம். உன் அக்கா இங்கே இல்லை. போன 27-ம் தேதி காரைக்குடிக்குச் சாமான் வாங்கக் கூட்டிப்போன இடத்தில், பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் எங்களை அவமானப்படுத்திவிட்டாள். பாத்திரக்கடைத் தெருவில் அல்லாபிச்சை கடையில் விசாரித்துக்கொள். கல்யாண வீட்டுக்கு வந்து கலாட்டா செய்ய வேண்டாம்.

•

காரைக்குடி
22-8-1971

தம்பி ஆசைத்தம்பிக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? நான் நலம். இந்த வருஷத்தில் இந்த வார்த்தையை முதல் தடவையாக உள்ளபடியே எழுதுகிறேன்.

நீ வந்து கடை வாசலில் நின்று அழுததில் என்னால் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சைதுன் பீவி அக்காவும், “அழுதது போதும்த்தா, ரெண்டு பேரும் சாப்பிடுங்க” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாக. அதனால் எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து மார்கழியிலேயே கடிதம் வந்துவிட்டது. உன் அத்தானுக்கு அங்கே ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள். திரும்பி வருவதாக இல்லை. மாமா அதைச் சத்தமாக வாசிக்கவில்லை, நான்தான் அவுக பெட்டியில் பார்த்தேன். அவுக படித்துப் பார்க்கிற கடிதத்தில் அதை உனக்கு எப்படி எழுதுவேன்? அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு மருமகள் இல்லை, பாத்திரம் விளக்குகிற ஆள். பங்குனியில் அரத்தைக் கையில் கொடுத்தாக. இருபத்தொன்றில் பதினேழு பாத்திரத்தில் என் பேரை நானே அராவினேன். அராவிய இடம் குழிந்து, பளபளவென்று இருக்கும். அதன் மேல் ‘ஏ. சிகப்பி’ என்று வெட்டினேன். நல்ல எழுத்தாகத்தான் வெட்டினேன். கெட்ட எழுத்தாக வெட்டக் கை வரவில்லை, அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

ஆடியில் புதிதாக நாலு எவர்சில்வர் வாங்க எல்லோரும் காரைக்குடி வந்தோம். அல்லாபிச்சை அண்ணன் கடைச் சுவரில் அந்தச் சுவரொட்டி. நிலா, ஊருணி, மஞ்சள் கைகள், என்னைவிட உயரமாக என் எழுத்து. தெரு அப்படியே அமுங்கிப்போய், அந்த எழுத்து மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிகப்பி எழுத்துக்கூட்டி வாசித்தாள். “பெயர் அழியாத பாத்திரம். ஆத்தா, எனக்கு இதுதான் வேணும்.” நான் சிரித்துவிட்டேன்.

“என்னடி சிரிப்பு?” என்றாக அயித்தை.

“அது நான் எழுதுனது அயித்தை.”

“ஆமா, கலெக்டரும் நீதான், கவர்னரும் நீதான். அந்தக் குடத்தத் தூக்கு.”

பேர் வெட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். உளியும் சுத்தியலும் மணையில் இருந்தன. சிகப்பி எடுத்து வைத்திருந்த குடத்தை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அவள் பேரை வெட்டப்போகிறேன் என்று எல்லோரும் சும்மா நின்றார்கள். புள்ளி இல்லை, கரித்தூள் இல்லை, நேராக வெட்டினேன். ‘வீ. நாகவல்லி’. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அல்லாபிச்சை அண்ணன் குடத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “யாத்தா, ஒரே எழுத்தாவுல்ல இருக்கு” என்றார். அது போதும். நான் பஸ்ஸில் ஏறவில்லை. மாமா கத்தினாக, அயித்தை மண்ணை வாரித் தூற்றினாக. கூட்டம் கூடியது. “அந்தப் பிள்ளை வரலைங்குதுல்ல, போங்கய்யா” என்று சைதுன் பீவி அக்கா வாசலில் நின்றாக. அவுக அல்லாபிச்சை அண்ணனின் தங்கச்சி. அவுக வீட்டில்தான் இருக்கிறேன். அந்தக் குடத்தில்தான் தண்ணீர் பிடிக்கிறேன்.

இப்போது உன் மேனேஜருக்குப் பதில். ஆறு மாதம் அப்ரண்டிஸாக இருந்தால் பார்க்கிறேன் என்றாராம். ஐந்து மாதமாகப் பார்த்தாயிற்று. நான் எழுதியதைச் சுவர் சுவராக ஒட்டியும் இன்னும் பார்க்க வேண்டும் என்றால், அது பார்ப்பது இல்லை, சும்மா வேலை வாங்குவது. அதை நெற்குப்பையில் செய்து முடித்துவிட்டேன். வேலை என்றால் வருகிறேன். உனக்கு என்ன உண்டோ அது எனக்கும். காலண்டரின் ஓரத்தில் பொடி எழுத்தில் என் பேர். சம்மதம் என்றால் புரட்டாசி பிறந்ததும் வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே கடைப் பைக்கும் பில் புத்தகத்துக்கும் எழுதிக்கொண்டிருப்பேன். அல்லாபிச்சை அண்ணனும், “மூணு மாசம் பாப்போம்மா” என்றுதான் சொன்னார். நானும் மூணு மாசம் பார்க்கிறேன் அண்ணே என்றேன். சிரித்துவிட்டு மறுநாளே சம்பளம் பேசினார்.

உன்னை வேலையை விட்டு எடுத்தால் நான் வர மாட்டேன் என்றும் சொல். நான் எழுத, நீ ஒட்டு. அப்பா இருந்தபோதும் அப்படித்தான், நான் எழுத நீ வெட்டினாய். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. என் எழுத்தை உன் எழுத்து என்று நின்றாயே, அதுதான் கேவலம். அந்த ஓட்டைகளை அடைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒன்றும் தெரியாமல் செய்தாய் என்று சைதுன் பீவி அக்கா சொல்கிறாக. தெரிந்த ஒருத்தன் நீதானே. போகப் போக ஆறும். அதற்கும் ஒரு ஜன்னல் வேண்டும், கடல் தெரிகிற அறையை விட்டுவிடாதே.

நேற்று மறுபடி கனவு வந்தது. அதை எழுத மாட்டேன். அது என்னுடையது.

இந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதே. ஓட்டை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மையிலேயே எழுதி, நானே போய்த் தபாலில் போடுகிறேன்.

வீ. நாகவல்லி